மொகல் தெருவிலிருந்து துவாண்டே வரை: ரங்கூன் பயணக் குறிப்புகள்

டிசம்பர் 16, 2019, திங்கள்

இன்று மாலை யாங்கோன் வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எவரும் இந்த ஊரை ரங்கூன் என்பதல்லாமல் வேறு பெயரால் சொல்லி நான் கேட்டதில்லை; ஆகவே பழைய நாள்களைப் பற்றி எழுதும் இடங்களில் நானும் அப்படியே எழுதுகிறேன்.

தேடி வந்திருப்பது என் பாட்டையாவின், அதாவது அப்பச்சியின் (தந்தையின்) ஐயாவின் (பாட்டனாரின்), தடத்தை. செட்டிநாட்டிலிருந்து பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் எடுபிடிப் பையனாக, கப்பலேறி, ஒரு வட்டிக்கடையில் கணக்குப் பழகி, அடுத்தாளாகவும் (உதவியாளர்) பின்பு மேலாளாகவும் (கடைப் பொறுப்பாளர்) உயர்ந்து, 1920களில் பங்காளி ஒருவரைக் கூட்டுச் சேர்த்துச் சொந்தக் கடை வைத்தவர் அவர். 1942இல் கால்நடையாக இந்தியா திரும்பினார். இவ்வளவும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில், யாருக்குக் கடன் கொடுத்து அவர் பிழைத்தார் என்பதை எவரும் கேட்டு வைக்கவில்லை.

கையில் கொண்டு வந்திருப்பவற்றில் முதன்மையானது ஒரு குழுப்படம். கிட்டங்கி எனப்பட்ட கடைக் கூடத்தின் வாசலில் பதினான்கு ஆண்கள் இரண்டு வரிசையாக நிற்கவும் அமரவும் செய்திருக்கிறார்கள்; பின்னால் மூன்று வளைவுகளும் மேல்மாடியின் இரும்புக் கிராதியும் தெரிகின்றன; பின்பக்கத்தில் 'மொகல் தெரு' என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. அடுத்தது, சூலே பகோடாவின் அருகிலுள்ள ஒரு வீதியைக் காட்டும் படத் தபாலட்டை. மூன்றாவது, 1930களின் தொடக்கத்தைச் சேர்ந்த பேரேட்டுத் தாள்கள் சில. இவற்றோடு இந்திய நில அளவைத் துறை அச்சிட்ட பழைய ரங்கூன் வரைபடம் ஒன்றின் நகலையும் எடுத்து வந்திருக்கிறேன். அதிலுள்ள தெருப்பெயர்களில் பெரும்பாலானவை இன்று வழக்கில் இல்லாததால், பழைய பெயருக்கு எதிரே இன்றைய பெயரை எழுதிய தாளொன்றை ஊரிலேயே தயாரித்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்துப் பெண்களில் ரங்கூனுக்கு முதலில் வருபவள் நான்தான். மேலாள்கள் மூன்று ஆண்டுக் கணக்குக்கு ஒப்பந்தமாகிக் கடல் கடந்தபோது மனைவியரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை. இந்த நகரத்தைப் பற்றி அப்பத்தா எனக்குச் சொன்னவையெல்லாம் தன் மாமனாரிடம் கேட்டவையே. வீட்டு முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைத் தவிர, அவர் தொட்டறிந்த ரங்கூன் வேறு இல்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

காலையில் சூலே பகோடாவிலிருந்து தொடங்கினேன். பழைய நகர வரைபடத்தைப் படிக்க விரும்புகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவதே முறை. ஏனெனில் நகரத்தை வரைந்தவர்களும் இதையே மையமாகக் கொண்டார்கள். 1852ஆம் ஆண்டு இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போரில் ஊரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், ஆற்றங்கரையின் தாழ்ந்த நிலத்தை மேடாக்கி, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் தெருக்களால் ஆன புதிய நகரமொன்றை அமைக்க முடிவு செய்தனர். முன்பு சிங்கப்பூரில் பணியாற்றியிருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி முன்வைத்த திட்டத்தை வங்காளப் பொறியாளர் படையின் அலெக்சாண்டர் ஃபிரேசர் திருத்தி நிறைவேற்றினார். கிழக்கு மேற்காக ஆற்றுக்கு இணையாக ஓடும் சில அகன்ற சாலைகள், அவற்றை வடக்கு தெற்காக வெட்டும் நெருக்கமான தெருக்கள், அத்தெருக்களில் பலவற்றுக்குப் பெயருக்குப் பதிலாக எண், என்பதே அந்த அமைப்பு.

விடுதலைக்குப் பின் ஆங்கிலேயர் பெயர்கள் நீங்கின. டல்ஹவுசி தெரு மகா பந்துலா சாலையாகவும், ஃபிரேசர் தெரு அனோரதா சாலையாகவும், மாண்ட்கோமரி தெரு போஜோ ஆங் சான் சாலையாகவும், ஃபேர் தெரு பன்சோடான் தெருவாகவும் மாறின. எனக்கு வேண்டிய மொகல் தெரு இன்று ஷ்வே போந்தா தெரு. ஆனால் ஃபிரேசர் இழுத்த கோடுகளில் எதையும் யாரும் அழிக்கவில்லை. பழைய நகலை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்தால் தெருவுக்குத் தெரு பொருந்துகிறது. என்னைப் போன்றவர்களுக்கு இது பெரும் பேறு. சென்னையின் ஜார்ஜ் டவுனிலோ மதுரையிலோ சந்துகள் வளைந்தும் மறைந்தும் போன இடங்களில் இப்படிப்பட்ட தேடல் எவ்வளவு கடினம் என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள்.

தபாலட்டைப் படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதை அரை மணி நேரத்தில் கண்டுகொள்ள முடிந்தது. பகோடாவின் மேற்கே நின்று கிழக்கு நோக்கி டல்ஹவுசி தெருவைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். இடப்பக்கத்தில் சற்றுத் தொலைவில் தெரியும் கோபுரம், அந்நாளின் பெரிய அங்காடியான ரோவ் நிறுவனத்தின் கட்டடம். இப்போது அதில் ஒரு வங்கி இருக்கிறது. அது 1910இல் கட்டப்பட்டது. தெருவின் மேலே மின்டிராமின் கம்பிகள் செல்கின்றன. ரங்கூனில் மின்டிராம் ஓடத் தொடங்கியது 1906இல். இவ்விரண்டும் படத்தின் காலத்துக்கு ஒரு கரை. மறுகரையைக் காட்டுவது படத்தில் இல்லாத ஒன்று. இன்று பகோடாவின் வடகிழக்கே நிற்கும் மாநகராட்சிக் கட்டடம், பர்மியக் கட்டடக் கலைஞர் ஊ தின் தந்த அடுக்குக் கூரைகளோடு 1936இல் முடிந்தது. அதற்கான வேலை 1920களின் பிற்பாதியிலேயே தொடங்கிவிட்டது. படத்தில் அந்த இடத்தில் வேறொரு பழைய கட்டடம் நிற்கிறது, சாரமோ பள்ளமோ இல்லை. ஆகவே படம் 1910க்கும் 1920களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது. சொந்தக் கடை வைத்த ஆண்டில் பாட்டையா ஊருக்கு எழுதிய அட்டை இது என்று அப்பத்தா சொல்வார். அந்தக் கூற்று இப்போது படத்தின் சாட்சியோடு ஒத்துப்போகிறது.

டிசம்பர் 18, புதன்

இன்று முழுவதும் மொகல் தெருவில். அகலம் குறைந்த எண் தெருக்களோடு ஒப்பிட்டால் இது சற்று விரிந்த தெரு. நகைக்கடைகளும் நடைபாதை வியாபாரமுமாக நெரிசல் மிகுந்திருக்கிறது. மாடிகளிலிருந்து கயிறுகள் நடைபாதைவரை தொங்குகின்றன. கீழே நிற்பவர் செய்தித்தாளையோ சாப்பாட்டுப் பொட்டலத்தையோ அதில் மாட்டிவிட்டால் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்கிறார். நான்கு மாடி ஏறாமல் வேலை முடிந்துவிடுகிறது.

செட்டியார் கடைகளின் தலைமை இடம் இந்தத் தெருவே. கிட்டங்கி என்றால் என்ன என்று இளையவர்கள் பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். அது ஒரு நீண்ட கூடம். அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பகுதி. அப்பகுதியில் விரித்த பாய், சாய்வுப் பலகை கொண்ட கைப்பெட்டி, பின்னால் ஓர் இரும்புப் பெட்டகம். பல கடைகள் ஒரே கூரையின்கீழ் தொழில் நடத்தின. இரவில் மேல்மாடியில் படுக்கை, பொதுச் சமையல், பொதுக் குளியல். ஒவ்வொரு தமிழ் மாதமும் இத்தெருவிலிருந்த தங்கள் கோயிலில் கூடி, கடைகள் தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். எழுதிவைத்த சட்டமும் காவலும் இல்லாமல், கோயில் கூட்டத்தில் சொன்ன சொல்லை வைத்தே கோடிக்கணக்கான ரூபாய் புழங்கியது.

குழுப்படத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க நிழல் உதவியது. இத்தெரு வடக்கு தெற்காக ஓடுவதால், இதிலுள்ள கட்டடங்கள் கிழக்கையோ மேற்கையோதான் பார்க்க முடியும். இந்த ஊரில் மே மாதத் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் தொடக்கம்வரை தவிர மற்ற நாள்களில் நண்பகல் சூரியன் தென்வானில்தான் இருக்கிறது. கிழக்கு நோக்கிய வாசலை மேற்கே பார்த்துப் படம் எடுப்பவருக்குத் தெற்கு இடக்கைப் பக்கம். காலை வெயில் அவருக்குப் பின்னால் இடப்புறத்திலிருந்து வரும். ஆட்களின் நிழல் படத்தில் வலப்புறம் சாயும். மேற்கு நோக்கிய வாசலாக இருந்தால் மாலை வெயிலில் நிழல் இடப்புறம் சாய வேண்டும். எங்கள் படத்தில் பதினான்கு பேர் நிழலும் வலப்புறம் சாய்ந்திருக்கின்றன. எனவே கிட்டங்கி தெருவின் மேற்குச் சாரியில், கிழக்கு பார்த்து நின்றது.

மேற்குச் சாரியை மட்டும் மேலும் கீழும் நடந்து பார்த்தேன். போருக்கு முந்தைய முகப்புகள் சில எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் மூன்று வளைவுகளும், வளைவுகளுக்கு மேலே இரண்டு கோடுகளாக ஓடும் சுண்ணாம்புப் பட்டையும், அந்தப் பட்டையைத் தாங்கும் சிறிய பூ வேலையும் எங்கள் படத்தில் உள்ளபடியே இருக்கின்றன. நடு வளைவைச் செங்கல் வைத்து அடைத்து இரும்புக் கதவு போட்டிருக்கிறார்கள். மாடிக் கிராதி மாறிவிட்டது. கடைக்காரப் பெண்மணியிடம் படத்தைக் காட்டியபோது அவர் அதைக் கையில் வாங்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பின்பு எனக்காக நாற்காலியை நகர்த்திப் படிக்கட்டை ஒழித்துக் கொடுத்தார். பாட்டையா அமர்ந்திருக்கும் இடம் கீழ்ப்படியின் தென்கோடி. அங்கே அமர்ந்து நானும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

மாலையில் அனோரதா சாலையிலுள்ள காளி கோயிலுக்குச் சென்றேன். தமிழர்கள் 1871இல் கட்டிய கோயில் இது. அதனருகே தேநீர்க் கடையில் ஒரு முதியவர் என் பேச்சைக் கேட்டு ஊர் விசாரித்தார். சொன்னதும், "வாங்க ஆச்சி" என்றார். இங்கு வந்தபின் அந்தச் சொல்லைக் கேட்பது இதுவே முதல் முறை. அவருடைய தகப்பனார் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து கிட்டங்கி ஒன்றில் சமையலாளாக இருந்தவராம். "செட்டியார்களெல்லாம் போயிட்டாங்க ஆச்சி. சாமியை விட்டுட்டுப் போனாங்க. நாங்கதான் விளக்கேத்திட்டு இருக்கோம்" என்றார். அவர் குரலில் குறை எதுவும் இல்லை. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக இங்கே சமைத்தவர்கள், சுமந்தவர்கள், தெரு பெருக்கியவர்கள், துணி வெளுத்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகளே இன்று யாங்கோனின் தமிழர்கள் என்பதை அவரோடு பேசிய அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தெளிவாக்கியது. 1931 குடிக்கணக்கில் ரங்கூனின் மக்கள்தொகை 4 இலட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது; அதில் 53 சதவீதத்தினர் இந்தியர். அவர்களில் மொகல் தெருவில் பாய் விரித்து அமர்ந்தவர்கள் மிகச் சிலரே.

டிசம்பர் 19, வியாழன்

பன்சோடான் தெருவில் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்தேன். நடைபாதையில் விரித்திருக்கும் புத்தகங்களுக்கிடையே படத் தபாலட்டைகளும் கிடைக்கின்றன, பெரும்பாலும் மறுபதிப்புகள்.

ரங்கூனின் பழைய படங்களில் நாம் அடிக்கடி காண்பவை சிலருடைய கைவண்ணம். 1855இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி, ஆவா எனப்பட்ட பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு வந்து பர்மாவைப் படம் பிடித்தார். அதே டிரைப் அடுத்த சில ஆண்டுகளில் சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் கோயில்களைப் படமெடுத்ததால், நம் கோயில்களின் மிகப் பழைய படங்களில் பலவும் அவருடையவையே. பின்பு ஜெர்மானியரான ஃபிலிப் கிளியர் மௌல்மீனிலும் ரங்கூனிலும் கூடம் வைத்துத் தொழில் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்ணத் தபாலட்டைகளை ஏராளமாக வெளியிட்டவர் அகுஜா. எங்கள் வீட்டு அட்டையின் மூலையிலும் அவர் பெயர் இருக்கிறது.

ஒரு கடையில் துறைமுகக் கூலிகளின் படங்கள் சில பார்த்தேன். தலையில் நெல் மூட்டை, இடுப்பில் முழத்துண்டு, கீழே ஆங்கிலத்தில் அவர்களுடைய சாதியோ பிரதேசமோ மட்டும் அச்சாகியிருக்கிறது. பெயர் இல்லை. கிட்டங்கிக்காரர்கள் படக்காரருக்குப் பணம் கொடுத்துத் தங்கள் படத்தை எடுத்துக்கொண்டார்கள். பின்பக்கத்தில் பெயர் எழுதி வைக்க முடிந்தது. மூட்டை சுமந்தவரைப் படக்காரர் தம் விற்பனைக்காக எடுத்தார். 1930 மே மாதம் இதே துறைமுகத்தில், வேலைநிறுத்தம் முடிந்து திரும்பிய தெலுங்குத் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்குப் பதிலாக அமர்த்தப்பட்டிருந்த பர்மியருக்கும் இடையே மூண்ட சண்டை நகரெங்கும் கலவரமாகிப் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் யாரேனும் இன்று ஆந்திரக் கடற்கரையிலிருந்து தேடி வந்தால், கையில் கொண்டுவர ஒரு படமும் இருக்காது. அவர்கள் படம் இங்கே கடையில் விலைக்கு இருக்கிறது.

டிசம்பர் 21, சனி

மொகல் தெருவில் எத்தனை முறை நடந்தாலும் பாட்டையாவின் தொழில் அங்கே முழுமையாகக் கிடைக்காது. அங்கே இருந்தது கணக்கு. பணம் விளைந்த இடம் ஆற்றுக்கு அப்பால். ஆகவே இன்று பன்சோடான் துறையில் படகேறி டாலாவில் இறங்கி, அங்கிருந்து வாடகை வண்டியில் துவாண்டே சென்றேன். வண்டி ஓட்டியவர் தமிழர். அவருடைய தாயார் பர்மியர். எனக்கு அவரே மொழிபெயர்ப்பாளரும் ஆனார்.

பேரேட்டுத் தாள்களில் அடிக்கடி வரும் ஊர்ப் பெயர் துவாண்டே. 1880களில் வெட்டப்பட்ட கால்வாய் இவ்வூர் வழியாகச் சென்று ரங்கூன் ஆற்றை ஐராவதியோடு இணைக்கிறது. டெல்டாவின் நெல்லெல்லாம் ரங்கூன் ஆலைகளுக்கு வந்த நீர்வழிகளில் இது முக்கியமானது. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தபின் ஐரோப்பியச் சந்தை நெருங்கிவர, காடும் சதுப்புமாக இருந்த கீழ்ப் பர்மா சில பத்தாண்டுகளில் உலகின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதிப் பகுதியாக மாறியது. காடு வெட்டி வயலாக்க உழவருக்குப் பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் உழவரை வாசலில்கூடச் சேர்க்கவில்லை. அந்த இடத்தில்தான் செட்டியார் கடைகள் நுழைந்தன. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது நாடெங்கும் ஏறத்தாழ 1,650 கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அக்குழு மதிப்பிட்டது.

எங்கள் வீட்டில் ரங்கூன் கதை எப்போதும் 1942இல், அல்லது நிலம் பறிபோன 1948இல் தொடங்கும். இழந்ததைச் சொல்வார்கள். பெற்றது எப்படி என்று எவரும் சொன்னதில்லை. பேரேட்டுத் தாள்களைப் பார்த்தால் அது தெரிகிறது. முதல் தாள்களில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடன் தொகை, மாத வட்டி, அறுவடைக்குப் பின் வரவு என்று வரிசையாக எழுதியிருக்கிறது. பின்வரும் தாள்களில் அதே பெயர்களுக்கு எதிரே வரவு இல்லை. ஏக்கர் கணக்கில் நிலம் எழுதப்பட்டிருக்கிறது. இடையில் நடந்தது உலகப் பொருளாதாரச் சரிவு. 1930-31இல் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. தாராவதி மாவட்டத்தில் 1930 டிசம்பரில் சாயா சானின் கிளர்ச்சி வெடித்தது, வரியும் கடனும் தாங்காத உழவர்கள் அதில் சேர்ந்தார்கள். கடை வைத்திருந்தவர்களுக்கும் ஊரில் வைப்பு வைத்தவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய நெருக்கடி இருந்தது. அடமானத்திலிருந்த நிலம் ஒவ்வொன்றாகக் கடைகளின் பெயருக்கு மாறியது. 13 முதன்மை நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். பாட்டையா ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. பத்திரத்தில் எழுதியபடியே அவர் நடந்திருக்கலாம். காடு வெட்டித் திருத்தியவரின் வயல் கடல் கடந்த ஊரில் இருப்பவருக்குச் சொந்தமாவதை அந்தப் பத்திரமே முறையாக்கியது என்பதை அவருடைய வாரிசாகிய நான் இந்த வயல்களின் நடுவே நின்று மறைக்கலாகாது.

அறுவடை நடந்துகொண்டிருந்தது. பேரேட்டில் உள்ள சிற்றூர்ப் பெயர்களை ஓட்டுநர் உரக்கப் படித்துக் கேட்டுக் கேட்டு விசாரிக்க, கால்வாயிலிருந்து சற்று உள்ளே ஒரு சிற்றூரில் களத்தில் நின்ற முதியவர் ஒருவர் தலையசைத்தார். தம் பாட்டனார் செட்டியார் நிலத்தில் குத்தகைக்கு உழுதவர் என்றும், அறுவடை முடிந்ததும் குடையும் கணக்குப் புத்தகமுமாக ஒருவர் களத்துக்கு வந்து நிற்பார் என்று கேட்டிருப்பதாகவும் சொன்னார். நான் தாளைக் காட்டினேன். தமிழ் எழுத்தில் இருந்த பர்மியப் பெயர்களை ஓட்டுநர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு பெயரைச் சொன்னபோது முதியவர் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொல்லி, பின்பு களத்துக்கு அப்பாலுள்ள ஒரு வீட்டைக் காட்டினார். அந்த வீட்டாரின் முன்னோர் பெயர் அது.

அவ்வீட்டில் ஒரு பெண்மணியும் அவருடைய மகனும் இருந்தார்கள். எவ்வளவு நிலம் என்று மகன் கேட்டார். பதினெட்டு ஏக்கர் என்று தாளில் இருந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்மணி மகனிடம் ஏதோ சொன்னார். தம் மாமனார் எப்போதும் பதினெட்டு என்றே சொல்வார் என்றும், பிள்ளைகள் எவரும் அதை நம்பியதில்லை என்றும் ஓட்டுநர் மொழிபெயர்த்தார். அத்தாளை அவர்கள் தங்கள் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார்கள். எனக்கு இளநீரும் வறுத்த கடலையும் கொடுத்தார்கள். நான் அவர்களிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 23, திங்கள்

1941ஆம் ஆண்டு இதே நாள் காலையில் ஜப்பானிய விமானங்கள் முதன்முறையாக ரங்கூனைத் தாக்கின. விமானச் சண்டையைப் பார்க்கத் தெருவில் திரண்டிருந்த மக்கள்மீது குண்டுகள் விழுந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 25ஆம் தேதி மறுபடியும் தாக்குதல். 1942 மார்ச் 8ஆம் தேதி நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. கப்பலில் இடம் கிடைக்காத இந்தியர்கள் புரோம் வழியாக அரக்கான் மலைகளைக் கடந்தோ, மாண்டலே, காலேவா, தாமு வழியாக மணிப்பூருக்கோ நடந்தார்கள். நான்கு முதல் ஐந்து இலட்சம் பேர் வெளியேறியதாகக் கணக்கிடுகிறார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் மடிந்தவர்கள் பல்லாயிரம்.

ஆற்றோரச் சாலையில், அந்நாளின் துறைமுகக் கிடங்குகள் இருந்த பக்கமாக இன்று காலை நடந்தேன். பாட்டையா தாமு வழியாக வந்தவர். பேரேடுகளில் பெரும்பகுதியைக் கிட்டங்கியிலேயே பூட்டி வைத்துவிட்டு, சில தாள்களை மட்டும் கிழித்து மடியில் கட்டிக்கொண்டு நடந்தார் என்று அப்பத்தா சொல்வார். துவாண்டேத் தாள்கள் அப்படி வந்தவை. பர்மா விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நில தேசியமயச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டில் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் இழப்பீட்டுக்கு எழுதிப் பார்த்தார்கள். 1964இல் கடைகளும் நாட்டுடைமையாயின; அதன்பின் ஒன்றரை இலட்சத்துக்கு நெருங்கியோர் தமிழ்நாட்டுக்கு வந்து இறங்கினார்கள். சென்னைத் துறைமுகத்தின் எதிரே பர்மா பஜாரும் பல ஊர்களில் பர்மா காலனிகளும் அவர்களால் உண்டானவை. எங்கள் பாட்டையாவுக்குத் திரும்பி வரச் சொந்த வீடும் தேக்குத் தூண்களும் இருந்தன. 1964இல் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் இல்லை.

நாளை புறப்படுகிறேன். குழுப்படத்தில் பாட்டையாவைத் தவிர மற்ற பதின்மூவரின் பெயர்களையும் பின்பக்கத்துப் பென்சில் எழுத்திலிருந்து படித்தெடுத்துவிட்டேன். அவர்கள் குடும்பத்தாரைச் செட்டிநாட்டில் தேடிப் படத்தின் படிகளைக் கொடுக்க வேண்டும். பேரேட்டுத் தாள்களிலுள்ள ஊர், பெயர், ஏக்கர் விவரங்களைப் பர்மிய எழுத்தில் பெயர்த்து எழுதித்தர ஓட்டுநர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் படியைத் துவாண்டேவில் அந்த மகனிடமும், பட்டியலிலுள்ள மற்ற சிற்றூர்களின் பெரியவர்களிடமும் அவரே சேர்ப்பார்.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது ரங்கூன், பெகு, பியாப்பொன், மியாங்மியா, பஸீன் கடைகளின் பேரேடோ ஐந்தொகையோ (சொத்து, கடன் கணக்கோ) இருந்தால், அவற்றை எடைக்குப் போடாமல், கடன்காரர் பெயரும் ஊரும் உள்ள பக்கங்களை முதலில் படமெடுத்து வையுங்கள். சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் மூலத்தாள்களை ஒப்படைப்பது பற்றிக் கேட்கலாம். படங்களை எனக்கு அனுப்பினால், துவாண்டேத் தாள்களைப் போலவே அவற்றையும் பர்மிய எழுத்தில் பெயர்க்க ஏற்பாடு செய்கிறேன்.